பிளாஸ்டிக் புல்லும் வேப்பிலைப் புகையும்

18 ஜனவரி 1997, சனி

காலையில் மூடுபனி. எதிர் வீட்டு கேட் கூடத் தெரியவில்லை. தைக்க வேண்டியவை: பள்ளிச் சீருடை மூன்று, என் வீட்டுக்காரரோடு ஆலையில் வேலை பார்க்கிற தேவராஜின் மனைவி புஷ்பத்தின் ரவிக்கை, சர்ச் சாமியார் பங்களா ஜன்னல் திரை. தைத்தது: ஒன்றும் இல்லை.

பத்து மணிக்கு வாசலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி. வண்டி நிறையப் பச்சைப் பாய், உருட்டிக் கட்டியது. பாய் இல்லையாம், புல்லாம். பிளாஸ்டிக் புல். பட்டணத்தில் ஏதோ விளையாட்டு மைதானத்தில் பழையதைப் பிரித்துவிட்டுப் புதிது போடுகிறார்களாம். பிரித்ததை லாரியில் ஏற்றிப் போனவன் தேவராஜின் மச்சான். நல்ல துண்டாகப் பொறுக்கி எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். யார் கேட்டது என்றால், என் வீட்டுக்காரர்.

"எதுக்குங்க இது?"

"பின்னாடி ஷட்டில் கோர்ட் போடப் போறேன்."

"ஆலை கிரவுண்டு இன்னா ஆச்சு?"

"அது தூரம்மே."

சேக்காட்டுக்கு வீடு கட்டி வந்த நாளிலிருந்து அதே தூரம்தான். சைக்கிளில் பாட்டு பாடிக்கொண்டு போய் வந்தவர். இப்போது மட்டும் ரோடு நீண்டுவிட்டதா என்ன. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

புல்லை முகர்ந்து பார்த்தேன். டயர் நாற்றம்.

19 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கொல்லையில் கூட்டம். தேவராஜும், ஆலையிலிருந்து இன்னும் இரண்டு பேரும். துணி துவைக்கிற கல்லை ஓரமாகத் தள்ளி, மண்ணை நனைத்து, கட்டையால் இடித்துச் சமமாக்கினார்கள். மேலே அந்தப் புல். துண்டு துண்டாக விரித்து, ஆவடி மார்க்கெட்டிலிருந்து செருப்பு தைப்பவரைக் கூட்டிவந்து தைக்கவைத்தார்கள். வீட்டில் தையல்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று யாருக்கும் நினைவு வரவில்லை. முழு அளவு கோர்ட் இல்லை. கொல்லை எவ்வளவோ அவ்வளவு.

வெள்ளைக் கோட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று தேவராஜ் சொன்னான். இவர் கேட்கவில்லை. பரண் மேல் இருந்த என் அம்மாவின் நாடாக் கட்டிலை இறக்கி, நாடாவை உருவி, அதைத்தான் கோடாகத் தைக்க வேண்டும் என்று பிடிவாதம்.

"ரெண்டா மடிச்சித் தைப்பா. காலுக்குத் தட்டணும்."

"காலுக்கு எதுக்குங்க தட்டணும்?" என்று கேட்டேன்.

"கோட்டுல நிக்கிறானா தாண்டிட்டானான்னு ஆடறவனுக்கே தெர்ணும்ல."

செருப்பு தைப்பவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா பிரசவத்துக்குப் படுத்த கட்டில் அது. சட்டம் மட்டும் எலும்பாகக் கிடக்கிறது. கோபம் வந்தது. சாம்பாரில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றேதான்.

தேவராஜ் என்று முழுசாக எழுதக் கை வலிக்கிறது. இனி தே.

20 ஜனவரி, திங்கள்

இன்று இன்னும் ஒரு கூத்து. வேலை விட்டு வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, கடப்பாரையை எடுத்தார். பின்வாசல் படிக்குப் பக்கத்தில், புல் விளிம்பை ஒட்டி, வட்டமாக ஒரு குழி. சுற்றிலும் செங்கல். எதற்கு என்றேன். நெருப்பு மூட்டவாம்.

"பிளாஸ்டிக் புல்லுக்குப் பக்கத்துலயா?"

"கொசு புடுங்கினா எவன் ஆடுவான்? வேப்பிலை போட்டுப் பொகை உட்டா எல்லாம் ஓடிப் பூடும். ஆட்டம் முடிஞ்சா சுத்தி குந்திகினு பேசலாம். பனி வேற."

"ஒரு பல்பு மாட்டுங்க. ஆடவும் ஆச்சு, பேசவும் ஆச்சு."

"பல்பு வேணாம். கண்ணு கூசுது."

கூவம் பக்கத்துக் கொசுவுக்கு வேப்பிலைப் புகை சரிதான், மறுக்கவில்லை. ஆனால் குழியை அந்த மூலைக்கு, இந்த மூலைக்கு என்று நான் சொன்ன எதையும் கேட்கவில்லை. இங்கேதான் இருக்க வேண்டும், ஒரு செங்கல் கூட நகரக் கூடாது என்று சட்டம். நெருப்பையும் பிளாஸ்டிக்கையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்று குடித்தவனுக்குக் கூடத் தோன்றாது.

எழுதிவிட்டு அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தேன். குடித்தவனுக்கு.

23 ஜனவரி, வியாழன்

முதல் ஆட்டம். ஒரு நேரத்தில் இரண்டு பேர், மாறி மாறி. தே. நன்றாக ஆடுகிறான், தொப்பையை மறந்துவிட்டு. தெருப் பெண்கள் மதில் மேல் எட்டிப் பார்த்தார்கள். பச்சை பளபளவென்று கல்யாண மண்டபம் போல இருக்கிறதாம். இருக்கட்டும்.

இவர் ஆடவில்லை. ஆலைப் போட்டியில் கோப்பை வாங்கியவர். ஷோகேஸில் மூன்று இருக்கிறது, நான்தான் துடைக்கிறேன். இவ்வளவு பாடுபட்டுக் கோர்ட் போட்டுவிட்டு, குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். பாயின்டைக் கூட தே.தான் கத்திச் சொன்னான்.

"நீங்க ஆடலியா?"

"முட்டி வலி."

முட்டி வலிக்கிறவர் ஆலையில் கிரேன் ஓட்டத் தினமும் ஏணியில் ஏறி இறங்குகிறார். எனக்கே காதில் பூ சுற்றுகிறார்.

26 ஜனவரி, ஞாயிறு

குடியரசு தின லீவு ஞாயிற்றுக்கிழமையில் போய்விட்டது என்று எல்லோருக்கும் வருத்தம். மதியத்திலிருந்தே ஆட்டம். இரண்டு தடவை டீ போட்டேன். முதல் தடவை டீயோடு போனபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் கப்பென்று நிறுத்தினார்கள். இரண்டாம் தடவை செருப்பில்லாமல், சத்தம் வராமல் போனேன். தே. குரல்:

"அண்ணிக்கு எப்பத்தான் சொல்லுவ அண்ணாத்தே?"

"இப்ப வாணாம். நீயும் மூடிகினு இரு."

தட்டு ஆடிற்று. டம்ளர் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டார்கள்.

இதுவரை சேர்ந்தவை:
கோர்ட் போட்டவர் ஆடுவதில்லை.
இரண்டாம் ஷிப்ட் வேண்டாமென்று எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டார். தீபாவளிக்கு முன்பே. ஏன் என்றால் "சீனியர்".
சைக்கிளைத் தொடுவதில்லை. தே. ஸ்கூட்டரில் வந்து கேட் வரை விட்டுப் போகிறான், வயசுப் பெண்ணைக் கொண்டுவந்து விடுகிற மாதிரி.
தெருவில் வீடு வீடாக நடக்கிற அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு மாலையில் வருவதில்லை. ஜெபத்தில் நாட்டம் போய்விட்டதா.
என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும், சொல்லவில்லை.

கூட்டிப் பார்த்தால் ஒன்றுதான் வருகிறது. கொல்லையில் ஒரு கள்ளுக்கடை. மேலே புல், பக்கத்தில் நெருப்பு, வேப்பிலைப் புகை எதற்கு? வாசனையை அடக்கத்தான்.

அவர் அப்பா குடித்தே செத்தார். கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பாவிடம், தொட மாட்டேன் என்று பைபிளில் கை வைத்துச் சொன்னவர். அந்தச் சொல்லை நம்பித்தான் வந்தேன். அது போனால் இந்த வீட்டில் எனக்கு என்ன மிச்சம் என்று தெரியவில்லை.

29 ஜனவரி, புதன்

தண்ணி லாரி வரிசை. புஷ்பம் என் குடத்துக்குப் பின்னால்.

"அக்கா, அண்ணன் எம்மேல கோவமா கீறாரா?"

"ஏன் கேக்குற?"

"நேத்து கடையாண்ட எதுக்கால வந்தாரு. பக்கத்துலயே நின்னு சிரிச்சேன். பாத்தும் பாக்காத மாரி போய்கினே கீறாரு."

"அவரு ஏதோ யோசனைல இருந்திருப்பாரு."

"ஊட்ல எதுனா பிரச்சனையா அக்கா?"

இவளுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை? புருஷன் சொல்லி அனுப்பி வேவு பார்க்கிறாளா, இல்லை நிஜமாகவே தெரியாதா. முகம் பச்சைக் குழந்தை மாதிரி இருக்கிறது. அப்படி முகம் உள்ளவர்களை நான் நம்புவதில்லை. ரவிக்கையில் கை கொஞ்சம் இறுக்கமாக விழுந்துவிட்டது, பிரித்துத் தைக்க வேண்டும்.

போதையில் இருந்தால் ஆள் தெரியாது. அதுவும் பொருந்துகிறது.

1 பிப்ரவரி, சனி

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன்.

சாயங்காலம் விளக்கு போடுவதற்கு முன் கூடத்துக்கு வந்தவர் முக்காலியில் இடித்தார். பிறகு பாதி திறந்திருந்த கதவில் நெற்றி. கதவைத் திட்டினார். சாப்பாட்டில் தண்ணீர் டம்ளரைக் கையால் தட்டிவிட்டார், தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஊற்றுகிற சாக்கில் குனிந்து வாயை முகர்ந்தேன். வெங்காய வாசனை. மூன்று நாளாக முகர்கிறேன், வெங்காயம்தான். வாசனை வராத சரக்கு என்று ஏதோ இருக்கிறதாமே, ராணுவத்துக் கேன்டீனில் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

"இன்னாமே மோந்து பாக்குற?"

"ஒண்ணுமில்ல. சளி."

சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சோற்றைக் கையால் தடவித் தடவிச் சாப்பிட்டார். முன்பெல்லாம் நான் முறைத்தால் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலைக் காணோம்.

தேடிய இடங்கள்: பீரோ அடி, பரண், பம்பு செட் பெட்டி, பழைய பிஸ்கட் டின். எதிலும் இல்லை. திருச்சியில் நர்சிங் படிக்கிற மகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அப்பா நலம்" என்று எழுதிவிட்டு அதற்கு மேல் ஓடவில்லை.

4 பிப்ரவரி, செவ்வாய்

பனி குறைந்துவிட்டது. புல்லில் ஓட்டை. குழிப் பக்கம் ஐந்தாறு இடத்தில் பொறி விழுந்து, கறுப்பாக உருகி, ஓரம் சுருண்டிருக்கிறது. நான் சொன்னபடியே. சொல்லிக் காட்டினேன்.

விசித்திரம் என்னவென்றால், அவர் குனிந்து பார்க்கவில்லை. செருப்பைச் சந்து முனையிலேயே கழற்றிவிடுவார், வீட்டுப் புல்லில் செருப்பு படக் கூடாதாம். வெறுங்காலால் தடவிக்கொண்டே போய், "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்றார். நான் பார்க்காத ஒன்றையும் காலாலேயே கண்டுபிடித்தார்.

"குழிய அந்தாண்ட மாத்திடலாம்" என்றேன்.

"கை வெக்காத." அதட்டல். இத்தனை வருடத்தில் என்னை அதட்டிய நாட்கள் குறைவு.

ஆக, குழியில்தான் இருக்கிறது. செங்கல்லுக்கு அடியில்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிவில் அறிவிப்பு: வருகிற புதன், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன். போன வருடத்துக் குருத்தோலை வீட்டில் இருந்தால் கொண்டுவந்து கொடுக்கவும். எல்லோர் வீட்டிலும் சிலுவையாக மடித்துப் படத்துக்குப் பின்னால் சொருகியிருப்பதுதான். மந்திரித்ததைக் குப்பையில் போடக் கூடாது. எரித்து, அந்தச் சாம்பலைத்தான் புதனன்று நெற்றியில் பூசுவார்கள்.

சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் என்னிடம் வந்தார். கோயில் வளாகத்தில் சிமென்ட் வேலை நடக்கிறதாம்.

"உங்க வீட்டில் நெருப்புக் குழி இருக்கிறதாமே அம்மா. நாளை மாலை நம் பகுதி ஓலைகளை அங்கேயே எரித்துவிடலாமா? சாம்பல் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

சரி என்றேன். என் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் நின்றார், தலையை ஆட்டினார்.

சாம்பல் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான். குழி விளிம்பில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் எரித்து ஊர் நெற்றியில் பூசுவதா? குழியை மாற்றக் காரணம் கிடைத்துவிட்டது. கடவுளே கொடுத்த காரணம், அவரால் அதட்ட முடியாது.

10 பிப்ரவரி, திங்கள்

இரவு ரொம்ப நேரமாகிவிட்டது. இருந்தாலும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் அவர் போனதும் கடப்பாரையை எடுத்தேன். செங்கல் எல்லாவற்றையும் பெயர்த்தேன். அடியில் சாம்பல், அதற்கடியில் மண், அதற்கடியிலும் மண். முழங்கை வரை விட்டுத் துழாவினேன். புட்டி இல்லை, பொட்டலம் இல்லை. ஒன்றும் இல்லை. நிம்மதி வரவில்லை. வேறு எங்கோ இருக்கிறது என்றுதான் தோன்றியது.

புதுக் குழியை அடிபம்புக்குப் பக்கத்தில் தோண்டினேன். புல்லுக்குத் தூரம், தண்ணீருக்குக் கிட்டே. யாரைக் கேட்டாலும் அதுதான் சரியான இடம் என்பார்கள். செங்கல் ஒரு வரிசைதான் அடுக்க முடிந்தது, இடுப்பு விட்டுப்போயிற்று. பழைய குழியை மூடி மிதித்துவிட்டேன்.

நாலு மணிக்கு உபதேசியாரும் பெண்களும் வந்தார்கள். புஷ்பம் கூட வந்தாள், அவள் எங்களைப் போல வேதக்காரி இல்லை, பார்க்க ஆசை. காய்ந்த ஓலை, சடசடவென்று பிடித்துச் சீக்கிரம் அடங்கிவிட்டது. ஜெபம் சொன்னோம். உள்ளே கனல் இருப்பதால் இரவு ஆறட்டும், காலையில் வந்து சல்லடையில் சலித்து எடுத்துக்கொள்கிறேன் என்று உபதேசியார் போய்விட்டார். மேலே சாம்பல் பூத்து, நெருப்பே இல்லாத மாதிரி இருந்தது.

இன்று ஆட்டம் கிடையாது என்று அவருக்குத் தெரியும். தே. கேட்டில் இறக்கிவிட்டுப் போன சத்தம் கேட்டது. இருட்டத் தொடங்கிய நேரம். நான் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, பின்வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். குழி இடம் மாறியதைப் பார்த்ததும் முகம் எப்படி மாறுகிறது, எந்த இடத்துக்கு ஓடுகிறார் என்று பார்க்க. அதற்காகத்தான் நின்றேன்.

சந்து வழியாக வந்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்து, சுவர் முடிகிற இடத்தில் நின்றார். கால் கழுவப் பம்புப் பக்கம் திரும்பினார். நேராகப் பார்த்துக்கொண்டுதான் நடந்தார். தயக்கமே இல்லை.

கூப்பிட்டிருக்கலாம். குழிக்கும் அவருக்கும் நடுவில் இடம் இருந்தது, நேரம் இருந்தது. பார்த்துவிட்டு ஒதுங்குவார் என்று நினைத்தேன். ஏன் ஒதுங்கவில்லை என்று நினைத்து முடிப்பதற்குள் வலது கால் உள்ளே.

அவர் கத்திய சத்தம் எழுத்தில் வராது.

நான் ஓடிப் போய்ப் பம்பு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். காலைத் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து, என் பக்கம் இல்லாமல் வேறு பக்கம் பார்த்துக் கேட்டார்:

"யாரு குழிய மாத்துனது?"

"நான்தாங்க. உங்களுக்குத் தெரியலியா? எதிர்லயே இருந்துதே."

"எனக்கு இருட்டுனா ஒண்ணும் தெரியாது ஸ்டெல்லா. கொஞ்ச நாளாவே."

புஷ்பம் மதில் மேல் எட்டிப் பார்த்தாள். தே. வந்தான். ஆஸ்பத்திரி.

11 பிப்ரவரி, செவ்வாய்

வெயில். ஆலை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, இரண்டு வாரம் மிதிக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். பாதம் முழுக்கக் கொப்புளம். ஊசி.

காலையில் உபதேசியார் சல்லடையோடு வந்து, விஷயம் கேட்டு, சல்லடையோடு திரும்பினார். மனிதர் கால் வெந்த சாம்பலை ஊர் நெற்றியில் பூச முடியாது. வேறு பகுதிச் சாம்பலை வைத்துக்கொள்கிறார்களாம்.

பிறகு அவர் சொன்னார். கட்டிலில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு. நான் எழுதிக்கொண்டது:

கண்ணுக்குத் தெரிகிற வட்டம் குறைந்துகொண்டே வருகிறது. எதிரில் இருப்பது தெரியும், பேப்பர் படிப்பார். பக்கத்தில் இருப்பது, காலடியில் இருப்பது தெரியாது. இருட்டில் எதுவுமே தெரியாது, நெருப்பைத் தவிர. பட்டணத்தில் ஒரு கண் டாக்டரிடம் தே.வோடு போய்ப் பார்த்திருக்கிறார். மருந்து இல்லையாம். இன்னும் குறையுமாம். ஆலையில் வருஷா வருஷம் வைக்கிற பரிசோதனையில் எதிரே இருக்கிற எழுத்தைத்தான் படிக்கச் சொல்கிறார்கள், அதில் தேறிவிடுகிறார்.

கிரவுண்டுக்குப் போனால் இருட்டில் திரும்பி வர முடியவில்லை. பந்து கண்ணுக்குச் சிக்காவிட்டாலும் ஆட்டத்தை விடவும் முடியவில்லை. அதனால் ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெறும் மண்ணில் காலுக்கு அடையாளம் இல்லை, புல்லும் நாடாவும் இருந்தால் கால் சொல்லிவிடும். நெருப்பு எரிந்தால் வாசல் எந்தப் பக்கம் என்று கண் சொல்லிவிடும். இரண்டும் சேர்ந்தால் கொல்லையில் மட்டுமாவது முழு ஆளாக இருக்கலாம்.

நான் குடி என்று நினைத்தேன். சொன்னேன்.

"தெரியும்மே. மோந்து மோந்து பாத்தியே. அதுவே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

"குடிகாரன்னு நான் நெனச்சா பரவால்லியா?"

"குருடன்னு நெனைக்கறதுக்கு அது மேலு."

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான். கோர்ட்டுக்கு வந்த மூன்று பேருக்கும் தெரியும். பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு, பாயின்ட் கத்திக்கொண்டு, என் டீயைக் குடித்துக்கொண்டு. எனக்குத்தான் தெரியாது, புஷ்பத்துக்கும். அந்தப் பெண்ணைப் போய் வேவுகாரி என்று எழுதியிருக்கிறேன்.

12 பிப்ரவரி, சாம்பல் புதன்

காலைப் பூசைக்குத் தனியாகப் போனேன். சாம்பல் வாங்கிக்கொண்டேன். சாமியார் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. கிரேன்தான் கண்ணுக்குள் நின்றது.

நேற்று இது தோன்றவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தலை வேலை செய்யவில்லை. அவர் ஓட்டுவது கிரேன். இரும்புப் பாளம் தொங்கிக்கொண்டு போகும், கீழே ஆட்கள் நடப்பார்கள்.

சாயங்காலம் தே. ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். ஆலையில் அவன் வேலை கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டுவது. உட்கார வைத்துக் கேட்டேன்.

"மேல அண்ணாத்தே லீவர் புடிச்சிகினு கீறாரு. ஓரத்துல எவனாவது வந்தா அவருக்குத் தெரியாது, சரிதான். நான் விசில் ஊதுவேன் அண்ணி. அவரு நிறுத்திடுவாரு. அவரு கண்ணே நான்தான். ஒண்ணும் ஆவல இதுவரைக்கும்."

"நீ லீவு போட்ட அன்னிக்கு?"

தே. ஆரஞ்சை உருட்டினான்.

"அன்னிக்கி நானும் லீவு போட்ருவேன்" என்றார் கட்டிலிலிருந்து.

போன டிசம்பரில் தே.வுக்கு அம்மை போட்டு ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருந்தான். புஷ்பத்துக்கு நான்தான் வேப்பிலை ஒடித்துக் கொடுத்தேன். அந்த வாரம் இவர் ஒரு நாள் கூட வீட்டில் இல்லை. தினமும் டிபன் டப்பா கட்டிக் கொடுத்தவள் நான். அதையும் சொன்னேன்.

தே. எழுந்து போய்விட்டான், ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

17 பிப்ரவரி, திங்கள்

கொப்புளம் அடங்குகிறது. கொல்லையில் யாரும் ஆடவில்லை. புல் மேல் வேப்பம் சருகு. பெருக்கினால் சருகு புல்லில் சிக்கிக்கொள்கிறது, வர மாட்டேன் என்கிறது.

அடுத்த திங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், வேலைக்குப் போகலாம் என்று எழுதி வாங்க வேண்டும்.

"அங்க கால மட்டும்தான் பாப்பாங்க. நீ வாயத் தொறக்காத."

"மறுபடி மேல ஏறுவீங்களா?"

"இன்னும் கொஞ்ச நாளு. பாப்பா படிப்பு முடியட்டும். எறக்கி உட்டா இன்னா வேலை குடுப்பாங்க? ஸ்டோர்ல கூட்டிப் பெருக்கணும். என்கிட்ட வேலை கத்துகினவனெல்லாம் பாப்பான்."

பேச்சில் ஞாயம் இருக்கிறது. ஆனால் அவர் மேலே ஏறும்போது கீழே இருக்கிறவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு ரவிக்கை, ஞானஸ்நானத்துக்குக் கவுன் என்று தைக்கக் கொடுத்தவர்கள். எல்லோருக்கும் ஒரு வீட்டில் ஒருத்தி டிபன் கட்டுகிறாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். இப்போது அவர் முறை, சந்தேகப்பட.

21 பிப்ரவரி, வெள்ளி

கோயிலில் சிலுவைப் பாதை ஜெபம். நடுவிலேயே வந்துவிட்டேன். தலைவலி.

புஷ்பம் வந்தாள். ரவிக்கை சரியாக இருக்கிறதாம். போகும்போது வாசலில் நின்று, "எங்க ஊட்டுக்காரரும் தூங்கறதில்ல அக்கா. நைட்டெல்லாம் முழிச்சிகினு கீறாரு. நீ எதுனா முடிவு பண்ணிட்டன்னா நீயே போய் சொல்லிடு, அவரால சொல்ல முடியாது" என்றாள்.

யாராலும் முடியாதாம். என் தலையில் வந்து விழுகிறது.

24 பிப்ரவரி, திங்கள்

மேகமூட்டம், புழுக்கம். மதியம் ஆஸ்பத்திரி, பெரிய வரிசை. அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். பெஞ்சில் என் பக்கம் திரும்பவே இல்லை.

சின்ன வயது லேடி டாக்டர். கட்டைப் பிரித்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது என்றார்.

"டியூட்டிக்குப் போகலாம். வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் இவர்.

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

"இருக்கு டாக்டர்" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. "இவருக்கு ஓரத்துல கண்ணு தெரியறதில்ல. இருட்டுல சுத்தமா தெரியாது. இவரு கிரேன் ஓட்டறாரு."

பேனா நின்றது. டாக்டர் எழுந்து வந்து அவரை நேராகப் பார்க்கச் சொன்னார். ஒரு விரலைக் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார், தெரியும்போது சொல்லுங்கள் என்று. விரல் கன்னத்தைத் தாண்டிற்று. கண் ஓரத்தைத் தாண்டிற்று. மூக்குக்குக் கிட்டே வந்த பிறகு, "இப்ப" என்றார். அந்தப் பக்கமும் அப்படியே. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்ன ஓட்டை வழியாகத்தான் இத்தனை நாளும் என்னைப் பார்த்திருக்கிறார்.

எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினார். கிரேனில் ஏறக் கூடாது. கண் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் ஆலையில் சொல்வார்கள்.

பஸ்ஸுக்குக் காத்து, கூட்டத்தில் இரண்டை விட்டு, கடைசியில் இடம் கிடைத்தது. சேக்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயைத் திறந்தார்.

"நீ சொல்லாம இருந்துருக்கலாம்."

"நீங்களும்தான் சொல்லாம இருந்தீங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி என்னோடு பேசவே போவதில்லை என்று நினைத்தேன். பேச வேண்டாம் என்றும் நினைத்தேன்.

இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. தெருவில் கரன்ட் இல்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தேன், கோபத்தில். டீக்கடைக்காரர் பெட்ரோமாக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆலைக்காரர்கள் ஐந்தாறு பேர் அங்கே. தே.வும் புஷ்பமும் கூட. பின்னால் அவர் நடக்கிற சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். இறங்கின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார், ஒரு கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகவே கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, எங்க கீறே?"

திரும்பிப் போனேன்.